லாண்டரி தமயந்தி, ஐந்நூறு ரூபாய்

மைக் செட் செல்வமுருகனிடம் ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது. பீடி இல்லை, சீட்டாட்டம் இல்லை, சனிக்கிழமை சாயங்காலம் கொடைக்கானலுக்கு இறங்கிப் போய்த் திங்கட்கிழமை திரும்பி வருகிற சமாசாரமும் இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு நல்ல பழக்கம். அந்த நல்ல பழக்கம்தான் தமயந்தியின் எட்டு வருஷத்து வேலைக்கு உலை வைத்தது.

கரடிப்பாறைக்கும் சுற்றியுள்ள நாலு ஊருக்கும் அவன் ஒருவன்தான் மைக் செட். கோயில் திருவிழா, காதுகுத்து, கபடிப் போட்டி, எதுவானாலும் அவன்தான். பத்து ரூபாய் அன்பளிப்பு வந்தாலும் கொடுத்தவர் பெயர், தொழில், இன்னாருடைய மகன், இவ்வளவு தொகை என்று எல்லாவற்றையும் மைக்கில் சொல்லி, ‘அன்னாருக்கு விழாக் கமிட்டி சார்பாக நெஞ்சார்ந்த நன்றி’ என்று இழுத்து முடித்தால்தான் அவனுக்குத் தூக்கம் வரும். பெயர் விட்டுப்போனால் அடுத்த வருஷம் அந்த வீட்டிலிருந்து ஒரு மூடி தேங்காய்கூட வராது என்பது மேல்மலையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி.

பஞ்சாயத்துத் தலைவர் தேர்தலில் மகாதேவி நின்றாள். கத்தரிக்காய்ச் சின்னம். பிரசாரத்துக்கு செல்வமுருகனின் ஜீப்பைத்தான் பேசியிருந்தாள். அவளிடம் இருந்தது பட்டன் போன். அதனால் செலவுக்கு ஏதோ தங்களால் ஆனதைக் கொடுக்க நினைத்தவர்கள் எல்லோரும் செல்வமுருகன் நம்பருக்கே போனில் பணம் போட்டார்கள். யார் யார் எவ்வளவு என்று அவன் போனிலேயே வரிசையாக இருந்தது. அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று யாருக்குமே தோன்றவில்லை.

மார்கழி பிறந்து நாலாவது நாள், பகல் பதினொரு மணி. ரிசார்ட்டின் பின்பக்கத்து லாண்டரியில் தமயந்தியும் வீரம்மாளும் எதிரும் புதிருமாக நின்று படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நிழல் விழுந்த பக்கம் பனி புல்லில் இன்னும் வெள்ளையாகக் கிடந்தது. உள்ளே டிரையர் சூட்டில் இருவருக்கும் நெற்றி வேர்த்தது. அந்த ரிசார்ட்டுக்கு இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் உண்டு. ஊர்க்காரர்களுக்கு அது ‘கம்பெனி’. அறுபது அறை; கரடிப்பாறை ஆட்கள் நாற்பத்தாறு பேருக்கு அங்கே சம்பளம்.

கேட் பக்கமிருந்து மைக் சத்தம் வந்தது.

“நமது சின்னம் கத்தரிக்காய்! தண்ணீர் எல்லாருக்கும் முறை வைத்துக் கிடைத்திட, கத்தரிக்காய்!”

வீரம்மாள் விரிப்பின் முனையை இழுத்துக்கொண்டே சிரித்தாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி. வாய் மட்டும் இருபதில் நின்றுவிட்டது.

“ஏத்தா, இந்தக் குளிர்ல கத்தரிக்கா எங்கிட்டு வெளையும்? பூ விடுறதுக்கு முந்தியே வெறச்சுப் போகுமே. மகாதேவிக்குச் சின்னம் குடுத்தவன் கீழ்நாட்டுக்காரன்போல.”

“ஒங்க பூட்டு சாவி மட்டும் மரத்துலயா காய்க்கிது மதினி?”

“அது வீட்டுக்கு வீடு கெடக்குல்ல. நா பூட்டு சாவிக்குத்தேன் போடுவேன். ராஜமுருகன் நம்ம தெருப் பிள்ள.”

மைக் கொஞ்சம் இருமிவிட்டுத் தொடர்ந்தது.

“மகாதேவி அக்காவின் தேர்தல் செலவுக்கு அன்போடு நிதி வழங்கிய கம்பெனி ஊழியர்கள்! கார்டன் மணியன் அவர்கள், இருநூறு ரூபாய்! அன்னாருக்கு நெஞ்சார்ந்த நன்றி!”

தமயந்தியின் கை நின்றது.

“லாண்டரி தமயந்தி அவர்கள், பொன்னுச்சாமி அவர்களின் துணைவியார், ஐந்நூறு ரூபாய்! ஐந்நூறு ரூபாய்! அன்னாருக்கு…”

பதினொரு பெயர் வந்தது. பதினொன்றையும் கம்பெனி கேட் முன்னாலேயே நிறுத்தி, நிதானமாக, ஒன்றுகூடத் தப்பாமல் படித்து, நன்றியும் சொல்லிவிட்டு ஜீப் மேட்டில் ஏறிப் போனது. இருவர் கையிலும் பிடித்திருந்த விரிப்பு நடுவில் தொங்கித் தரையைத் தொட்டது.

“அடி பாவி மகளே,” என்றாள் வீரம்மாள். “ஐந்நூறா?”

*

நாலு மணிக்கு மேனேஜர் கூப்பிட்டார். ஆனந்த் சாருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். கோயம்புத்தூர்ப் பக்கம். மலைக்கு வந்து மூன்று வருஷமாகியும் காதைச் சுற்றி மப்ளர் இல்லாமல் யாரும் அவரைப் பார்த்ததில்லை. குரல் உயர்த்திப் பேசத் தெரியாது. அதனாலேயே அவர் சொல்வதை மறுப்பது கஷ்டம்.

“உட்காருங்கக்கா. ஓனர் சென்னையிலிருந்து மூணு தடவை கூப்பிட்டுட்டாரு. கேட் கேமராவுல சத்தத்தோட பார்த்திருக்காரு.”

தமயந்தி நின்றுகொண்டே இருந்தாள்.

“கம்பெனி யாரை சப்போர்ட் பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியும். ராஜமுருகன் வந்தாத்தான் பெரிய ஊத்துல இருந்து மூணு இஞ்ச் பைப்புக்குப் பெர்மிஷன் கிடைக்கும். மகாதேவி வந்தா இருக்கிற ஒரு இஞ்ச்சுக்கும் முறை வைப்பாங்க. இதுல நம்ம ஸ்டாஃபே அங்க பணம் கொடுத்தா?”

“எங்காசு சார்.”

“உங்க காசுதான்க்கா. நான் இல்லேங்கலை.” அவர் ஒரு தாளை மேசையில் நகர்த்தினார். “இதுல ஒரு கையெழுத்து. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள. பதினொரு பேருக்கும் இதேதான். போட்டுட்டா இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது. போடலேன்னா நாளன்னைக்குக் காலையில டூட்டி கிடையாதுன்னு ஓனர் சொல்லிட்டாரு. எட்டு வருஷம் இருந்திருக்கீங்க. இதை உங்ககிட்ட சொல்ல எனக்கு மட்டும் என்ன சந்தோஷமா?”

தாளில் டைப் அடித்திருந்தது. முதல் வரியைப் படிக்கும்போதே அவளுக்கு எழுத்தெல்லாம் கலங்கியது. மடித்து ஸ்வெட்டர் பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மாதம் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு. மகள் சௌம்யா திண்டுக்கல்லில் நர்சிங் மூன்றாம் வருஷம். ஹாஸ்டல், சாப்பாடு, யூனிபாரம் எல்லாம் இந்தச் சம்பளத்தில்தான். பூண்டு கை கொடுக்கிற வருஷம் வீட்டுக்கு ஓடு மாற்றலாம். கை விடுகிற வருஷம் இந்த வேலைதான் சோறு. இன்னும் ஒன்றரை வருஷம் தாக்குப் பிடித்தால் சௌம்யா கையில் ஒரு படிப்பு இருக்கும். அதற்குள் இது.

*

வீட்டுக்கு வரும்போது மேற்கே வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. பொன்னுச்சாமி வாசலில் உட்கார்ந்து களைக்கொத்தில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. எப்போதும் அவள் வருகிற நேரத்துக்குக் கட்டங்காப்பி போட்டு மூடி வைத்திருப்பான். இன்றும் அடுப்போரம் இருந்தது. ஆறிப்போய் இருந்தது.

அவள் களி கிண்டினாள். காலையில் வைத்த பூண்டுக் குழம்பைச் சூடு பண்ணினாள். தட்டை வைத்ததும் வந்து உட்கார்ந்தான். இரண்டு வாய் சாப்பிட்ட பிறகுதான் பேச்சு வந்தது.

“ஊரே கேட்டுருச்சு. நாந்தேன் கடைசி.”

“சொல்லணும்னுதேன் இருந்தேன்.”

“எப்ப? ஓட்டு எண்ணுன பெறகா?”

அவள் குழம்பை ஊற்றினாள். அவன் போதும் என்று கைகாட்டவுமில்லை, இன்னும் என்று சொல்லவுமில்லை.

“ராஜமுருகண்ணே மத்தியானம் தோட்டத்துப் பக்கம் வந்தாரு. வரப்புல நின்னு, ‘பூண்டு எப்டிடா இருக்கு’ன்னு கேட்டாரு. அம்புட்டுத்தேன். பொறவு போயிட்டாரு. அதுக்கு என்னைய ரெண்டு அறை அறஞ்சிருக்கலாம். ஒனக்கு அந்த வேலைய வாங்கிக் குடுத்ததே அவருதான? பெரியப்பா மகன்னுகூட பாக்க வேணாம். சௌம்யா பெறக்கையில மழையோட மழையா ஜீப்ப எடுத்துக்கிட்டு வந்தாரே, அதயாச்சும் பாத்திருக்கலாம்ல?”

“பாத்தேன். பாத்துட்டுத்தேன் குடுத்தேன்.”

“அப்ப ஏன் குடுத்த?”

தமயந்தி தன் தட்டை இன்னும் வைக்கவில்லை. அடுப்புக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“நம்ம பூண்டு ஏங்க போன மாசி முழுக்க இலை நுனி கருகிச்சு?”

“தண்ணி வரல. மழ கொறவு. அதுக்கென்ன இப்ப?”

“மழ கொறவில்லைங்க. நாந்தேன் குடிச்சேன்.”

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

“அந்தப் பெரிய மெஷினு ஒரு சுத்துக்கு எழுநூறு லிட்டர் இழுக்கும், நம்ம வாய்க்காலுக்கு வாற அதே ஊத்துத் தண்ணி. லீவு நாள்ல இருவது சுத்து ஓட்டுறேன். ஒரு நா போத்துன போர்வைய மறுநா போத்த மாட்டாக. துண்ட எடுத்துக் கையத் தொடச்சுட்டுக் கீழ போட்டா அதுவும் எனக்குத்தேன் வரும். சனி ஞாயிறு நா பட்டன அமுத்துவேன். திங்கக்கெழம நீங்க வந்து, ‘வாய்க்கா காஞ்சு கெடக்கு பிள்ள’ம்பீக. எட்டு வருசமா நீங்க சொல்றதக் கேட்டுக்கிட்டே சோறு போடுறேன். இந்த ஊர்ல ரெண்டு முனையும் பாக்குறவ நா ஒருத்திதேன். மூணு இஞ்ச்சு பைப்பு போட்டா என்னாகும்னு எனக்குத் தெரியுமா, ராஜமுருகன் மாமாவுக்குத் தெரியுமா?”

பொன்னுச்சாமி சாப்பிடுவதை நிறுத்தியிருந்தான். கையில் பிசைந்த களி அப்படியே இருந்தது. மாசி முழுக்கத் தெய்வத்தையும் மேகத்தையும் மாறி மாறித் திட்டியது அவனுக்கு நினைவு வந்திருக்க வேண்டும்.

“இதயாச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்,” என்றான் கடைசியில். குரலில் முன்பிருந்த கடுப்பு இல்லை. வருத்தம்தான் இருந்தது.

“எப்டிங்க சொல்ல? ஒங்க வயலக் காயப்போட்டுத்தேன் ஒங்க மகளப் படிக்க வைக்கிறேன்னா?”

வாசலில் ஜீப் நிற்கும் சத்தம் கேட்டது.

*

முதலில் மகாதேவி இறங்கினாள். மூன்று ஏக்கர் பூண்டுக்காரி. மகளிர் குழுவுக்குப் பத்து வருஷமாகத் தலைவி. காதை மூடிக் கட்டிய துண்டோடு படியேறி வந்தவள், பின்னாலேயே தயங்கி நின்ற செல்வமுருகனைச் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துவிட்டாள்.

“ஏலே, சொல்லு. ஊர் பூராம் மைக்குல சொன்னேல்ல. இப்ப மைக்கு இல்லாமச் சொல்லு.”

“யக்கா,” என்றான் செல்வமுருகன். பாவமாக இருந்தது அவன் முகம். “நா கெட்டதுக்குச் செய்யலக்கா. கம்பெனிக்காரங்க கவனிக்கட்டும்னுதேன் கேட் கிட்ட நின்னு ரெண்டு தடவ படிச்சேன். ஒங்களுக்குப் பெருமையா இருக்கும்னு…”

“ரெண்டு தடவையா?” என்றான் பொன்னுச்சாமி.

“தொகைய மட்டும் ரெண்டு தடவண்ணே. ஐந்நூறுல்ல. அதான் ஆகப் பெருசு.”

தமயந்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

“ஒரு ஆளுகிட்ட காச வாங்கிட்டு நன்றி சொல்லாம இருந்தா அது ஞாயமாக்கா? நாளைக்கே யாராச்சும், ‘செல்வமுருகன் அமுக்கிட்டான்’னு சொல்லிட்டா?”

“வாய மூட்றா,” என்றாள் மகாதேவி. தமயந்தியின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “மணியனப் பாத்துட்டு வாரேன். காயிதத்தக் காட்டுனான். தமயந்தி, நீ யோசிக்காமக் கையெழுத்துப் போட்டுரு. ‘நா குடுக்கல, எம்பேரச் சும்மா சேத்துட்டாக’ன்னுதான எழுதிக் கெடக்கு? இருந்துட்டுப் போகுது. பொய்யாப் பேரச் சேத்தேன்னு எம்மேல தேர்தல் ஆபீசர்கிட்ட மனு குடுப்பாக. குடுக்கட்டும். நா பாத்துக்கிறேன்.”

“பாத்துக்கிறேன்னா எப்டிக்கா?”

“எப்டியோ. ஊருக்குள்ள ‘மகாதேவி பித்தலாட்டக்காரி’ன்னு ஒரு வாரம் பேசுவாக. ஓட்டு கொஞ்சம் கொறையும்.” அவள் கொஞ்சம்தான் என்றாள். ஆனால் சொல்லும்போது கண் வேறு பக்கம் போனது. “சௌம்யா படிப்பு நிக்கக் கூடாது. எனக்கும் ஒரு பொட்டப்பிள்ள இருக்கு. எனக்குத் தெரியாதா?”

போகும்போது செல்வமுருகன் வாசலில் திரும்பி, “ஐந்நூறையும் திருப்பி அனுப்பிரவாக்கா? அப்ப குடுக்கலேன்னே ஆகிரும்ல?” என்று கேட்டான். மகாதேவி அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

ஜீப் கிளம்பிப் போனது. பொன்னுச்சாமி கை கழுவிவிட்டு வந்து, “அந்தக் காயிதத்தக் குடு,” என்றான்.

பல்பின் அடியில் நின்று, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தான்.

“‘என்னைக் கேட்காமலும் என் சம்மதம் இல்லாமலும் என் பெயரில் தேர்தல் நிதி வசூல் செய்யப்பட்டுள்ளதை இதன் மூலம் தெரிவித்துக் கொள்கிறேன்.’” நிறுத்தினான். “இது பொய்யில்ல?”

“மகாதேவியக்காவப் பத்தின்னாப் பொய்யி.”

“வேற யாரப் பத்தி?”

தமயந்தி தயங்கினாள். இன்றைக்கு எல்லாம் வெளியே வந்துவிட்டது. இது ஒன்றை மட்டும் மூடி வைத்து என்ன ஆகப் போகிறது?

“போன மாசச் சம்பளத்துல நானூத்தம்பது கொறஞ்சிச்சுங்க. ஒரு நாச் சம்பளம். கேட்டதுக்கு, ‘ராஜமுருகன் தேர்தலுக்கு ஸ்டாஃபு சார்பா’ன்னாக. நாப்பத்தாறு பேருக்கும் பிடிச்சாக.”

“பிடிச்சாகளா?” பொன்னுச்சாமி தாளைக் கீழே இறக்கினான். “அண்ணே எங்கிட்ட, ‘கம்பெனிப் பிள்ளைக அம்புட்டும் தானா முன்வந்து ஒருநாக் கூலியக் குடுத்துச்சுகடா, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு’ன்னு சொன்னாரே. நா அதத் தோட்டத்துக்காரக எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன்.”

“மாமாவுக்கும் தெரிஞ்சிருக்காதுங்க. தானாக் குடுத்ததுன்னு சொல்லித்தேன் அவருகிட்டக் குடுத்திருப்பாக.”

அவன் அந்தத் தாளை மறுபடி ஒரு தடவை வாய்க்குள்ளேயே படித்தான். பிறகு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். தோள் தோளில் பட உட்கார்ந்தான். காலையிலிருந்து இல்லாத நெருக்கம் அது.

“அப்ப, நீ குடுத்தது அது. கேக்காம எடுத்தது இது,” என்றான். “ஒங்க சாரு காயிதத்துல எழுதியிருக்கது நெசந்தேன் பிள்ள. ஆளத்தேன் மாத்தி நெனச்சுட்டாரு.”

தமயந்தி அவன் முகத்தைப் பார்த்தாள். சௌம்யாவின் பழைய நோட்டு ஒன்று அலமாரியில் இருந்தது. எழுந்து போய் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

“வேல போயிருமேங்க.”

“போனா, ஒன்றரை வருசத்துக்கு வேற வழி பாப்பம். பண்ணைக்காட்டுல எங்க மாமன் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கேட்டுக்கிட்டேதேன் இருக்காரு. நா போறேன். பூண்ட நீ பாரு.” கொஞ்சம் நிறுத்தி, “ஆனா இனிமே எதாச்சும்னா மைக்குல கேக்க விடாத. எங்கிட்ட மொதல்ல சொல்லு,” என்றான்.

*

மறுநாள் வெள்ளனே வீரம்மாளிடம்தான் முதலில் காட்டினாள். வீரம்மாளுக்குப் படிக்க வராது. தமயந்தி படித்துக் காட்டினாள்.

“‘லாண்டரியில் வேலை பார்க்கும் தமயந்தி எழுதுவது. மகாதேவி அக்காவுக்கு ஐந்நூறு ரூபாய் நானே விரும்பிக் கொடுத்தேன். யாரும் என் பெயரைத் தவறாகச் சேர்க்கவில்லை. போன மாதச் சம்பளத்தில் ராஜமுருகன் மாமாவின் தேர்தலுக்கு நானூற்றைம்பது ரூபாய் பிடித்தார்கள். அதற்கு என்னைக் கேட்கவில்லை.’ அம்புட்டுத்தேன் மதினி.”

வீரம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். டிரையரை அணைத்தாள். லாண்டரி திடீரென்று நிசப்தமானது.

“எனக்கும் ஒண்ணு எழுது.”

“நீங்க பதினொண்ணுல இல்லையே மதினி? ஒங்கள யாரு கேட்டா?”

“அதான். என்னைய யாரு கேட்டா? நா பூட்டு சாவிக்காரி. ராஜமுருகன் வந்து, ‘யத்த, நூறு ரூவா குடு’ன்னா இருநூறாக் குடுத்திருப்பேன். எங்கையால குடுத்திருந்தா அந்தப் பய ஆயுசுக்கும் எனக்கு மரியாத வச்சிருப்பான். இப்ப நா குடுத்தது அவனுக்கே தெரியாது. குடுத்த புண்ணியமும் இல்ல, சொல்லிக்கிற பெருமையும் இல்ல. எழுது. ‘மகாதேவிக்கு ஒரு பைசா குடுக்கல, குடுக்கவும் மாட்டேன்’னு மொதல்ல போடு. பொறவு அந்த நானூத்தம்பதப் போடு.”

தமயந்தி எழுதினாள். வீரம்மாள் கைநாட்டு வைக்க, ஆபீசிலிருந்து மை டப்பாவை வாங்கி வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். மை டப்பா வருவதற்குள் விஷயம் கிச்சனுக்குப் போய்விட்டது, அங்கிருந்து கார்டனுக்கு. பத்து மணிக் காப்பிக்கு மணியன் ஒரு தாளோடு வந்தான். “எனக்கும் இதே மாதிரி, இருநூறுன்னு மாத்திப் போட்டுரு தங்கச்சி.” அவன் பின்னால் இன்னும் நாலு பேர். அப்புறம் தமயந்தி எழுதுவதை விட்டுவிட்டாள். எழுதத் தெரிந்தவர்கள் பார்த்து எழுதினார்கள். தெரியாதவர்களுக்குப் பக்கத்து ஆட்கள் எழுதிக் கொடுத்தார்கள். எல்லோரும் மகாதேவி பக்கமில்லை. பாதிக்கு மேல் பூட்டு சாவி. இரண்டு பேர், யாருக்கும் ஓட்டுப் போடப் போவதில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்குத் தமயந்தி ஆபீசுக்குள் நுழைந்தபோது கையில் முப்பத்து மூன்று தாள் இருந்தது. வீரம்மாள் துணைக்கு வந்தாள். துணை என்றால் முன்னாலேயே நடந்துவந்தாள்.

ஆனந்த் சார் முதல் தாளைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டு மப்ளரைத் தளர்த்தினார்.

“என்னக்கா இது?”

“நீங்க கேட்டதுதேன் சார். யாரக் கேக்காம யாரு வாங்குனாகன்னு எழுதச் சொன்னீக. எழுதிட்டோம்.”

“இதை நான் மேல அனுப்ப முடியாதுக்கா.”

“அனுப்ப வேணாம் சார். ஆனா மகாதேவியக்கா மேல மனுன்னு ஒண்ணு போனா, அங்க எங்களையும் கூப்பிட்டு விசாரிப்பாகள்ல? அப்ப இதத்தேன் சொல்லணும். பொய் சொல்ல வராது சார், எங்களுக்கு.”

“எனக்கு வரும்,” என்றாள் வீரம்மாள். “ஆனா இதுக்குச் சொல்ல மாட்டேன்.”

ஆனந்த் சார் சிரிக்கப் பார்த்து, சிரிக்காமல் விட்டார். தாள்களைத் தட்டி ஒழுங்காக அடுக்கினார். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் யாரோ டூரிஸ்டுகள் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“அந்தப் பிடித்தம்,” என்றார் மெதுவாக. “எனக்கும் பிடிச்சாங்கக்கா. என்னையும் கேக்கலை.”

தாள்களை எடுத்து மேசை டிராயருக்குள் வைத்தார்.

“நீங்க போய் வேலையைப் பாருங்க. நான் ஓனர்கிட்ட பேசுறேன். என்ன ஆகும்னு இப்ப சொல்ல முடியாது. நாளைக்குக் காலையில வாங்க.”

“டூட்டிக்கா சார்?”

“வாங்க,” என்றார் அவர்.

அன்று மதியம் முழுக்க ஆபீஸ் கதவு சாத்தியே இருந்தது. நாலரைக்கு மணியன் வந்து, “சாரு போன்ல நின்னுக்கிட்டே பேசுறாரு. ஒக்காரவே இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனான். அது நல்லதற்கா கெட்டதற்கா என்று யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் ராஜமுருகன் தமயந்தியின் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரவில்லை.

“தமயந்தி, நெசமாவா? கேக்காமயா பிடிச்சாக?”

“ஆமா மாமா.”

அவன் தலையைத் தடவிக்கொண்டான். ஐம்பதை நெருங்குகிற மனுஷன். கூட்டத்தில் பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்தது. “எங்கிட்ட மாலையெல்லாம் போட்டுக் குடுத்தாகளே ஆத்தா,” என்றான். “வீரம்மா யத்த நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேக்குது. ‘எங்காச எனக்குத் தெரியாம வாங்குன பய நீ’ங்குது.” போகும்போது பொன்னுச்சாமியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனான். அது கோபத்தில் தொட்டதல்ல.

*

மறுநாள் காலை ஆறே முக்கால். பொன்னுச்சாமி பைக்கில் கொண்டுவந்து விட்டான். வழக்கமாக அவள் காலைக் கீழே வைப்பதற்குள் வண்டியைத் திருப்பிவிடுவான். இன்று என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்டுக்கு இந்தப் பக்கம் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றான்.

“போங்க. சோலி கெடக்குல்ல.”

“போறேன். நீ மொதல்ல உள்ள போ.”

செக்யூரிட்டி அறைச் சுவரில் கைரேகை மெஷின் இருந்தது. வேலையை விட்டு எடுத்தவர்களுக்கு அது எப்படித் தெரிவிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் டிரைவர் ஒருவரை எடுத்தபோது ஆபீசில் யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் வந்து விரலை வைத்தார். சிவப்பு விளக்கு எரிந்தது. திரும்பிப் போய்விட்டார்.

அவளுக்குப் பின்னால் வீரம்மாள், மணியன், கிச்சன் ஆட்கள் என்று வரிசை நீண்டிருந்தது. எல்லோருக்கும் மூச்சு புகையாக வந்தது. ஒருவரும் பேசவில்லை.

தமயந்தி விரலை வைத்தாள். சிவப்பு.

‘ப்ளீஸ் ட்ரை அகெய்ன்’ என்றது மெஷின்.

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். அவள் விரலைச் சேலையில் துடைத்து மறுபடி வைத்தாள். மறுபடியும் சிவப்பு. கேட்டுக்கு வெளியே பொன்னுச்சாமி ஓரடி முன்னால் வந்தான்.

“எட்டு வருசம் சோப்புத் தண்ணியில கெடந்த வெரலு, அதுக்கு ரேகை எங்கிட்டுத் தெரியும்?” என்றாள் வீரம்மாள். “வாயால ஊதி வையி ஆத்தா. குளிர்ல வெறச்சுக் கெடக்கு.”

தமயந்தி விரலை வாயருகே வைத்து ஊதினாள். ஒரு தடவை, இரண்டு தடவை. மெல்ல அழுத்தி வைத்தாள்.

பச்சை.

‘தேங்க் யூ.’

வரிசை மொத்தமும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தது. யாரோ யாரையோ தள்ளினார்கள். “வெரசா வைங்கப்பா, ஏழாச்சு,” என்று செக்யூரிட்டி கத்தினார். வீரம்மாள் தன் கட்டைவிரலை வைத்தாள், பச்சை. மணியனுக்கும் பச்சை.

“ஏத்தா,” என்றாள் வீரம்மாள், லாண்டரியை நோக்கி நடந்துகொண்டே. “அந்த நானூத்தம்பது என்னாச்சு? அதப் பத்தி ஒண்ணுஞ் சொல்லலையே.”

“கேப்பம் மதினி.”

“எப்ப?”

“பத்து மணிக் காப்பிக்கு.”

தமயந்தி திரும்பிப் பார்த்தாள். பொன்னுச்சாமி வண்டியை உதைத்துக்கொண்டிருந்தான். குளிரில் ஸ்டார்ட் ஆகவில்லை. நாலு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, இறக்கத்தில் தள்ளிக்கொண்டே ஓடி, ஓடுகிற ஓட்டத்தில் ஏறி உட்கார்ந்தான். கல்யாணமான புதிதில் அப்படித்தான் ஏறுவான். வளைவில் மறைகிற வரைக்கும் வண்டி கிளம்பியதா என்று தெரியவில்லை. மறைந்த பிறகு, பனிக்குள்ளிருந்து சத்தம் வந்தது.